வாயசைப்பு

"பள்ளிக்கூட நாடகத்துக்கெல்லாம் விமர்சனமா? சின்னப் பசங்க ஏதோ பண்றாங்க, விடுங்க." நண்பர் ஒருவரின் கட்சி இது. எனக்கு அப்படித் தோணவில்லை. நம்மில் பெரும்பாலானவர்கள் வாழ்க்கையில் மேடையேறுவது பள்ளிக்கூடத்தில் மட்டும்தான். அதை விட்டால் கல்யாண மேடை. நவீன நாடகம் பற்றி இணைய இதழ்களில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஊர் ஊராகப் பிள்ளைகள் வருஷம் தவறாமல் போடும் நாடகத்தைப் பற்றி ஒரு பத்தி எழுத ஆள் இல்லை. அதை யாரும் நாடகமாகவே எடுத்துக்கொள்ளாததால்தான் அது இன்று இருக்கும் நிலைமையில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அக்கா வீடு குருபரப்பள்ளியில். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும்போது தேசிய நெடுஞ்சாலை 44-ல், சூளகிரிக்கு முன்னால் வருகிற ஊர். அக்கா பிள்ளைகளின் புண்ணியத்தில் ஏழெட்டு வருஷமாக அந்தச் சுற்றுவட்டாரத்துக் கிறித்துவப் பள்ளிகளின் கிறிஸ்துமஸ் விழாக்களும் ஆண்டு விழாக்களும் பார்த்துவருகிறேன். எந்தப் பள்ளியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொல்லவும் அவசியமில்லை, எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றுதான்.

இந்தப் பக்கத்துக்குக் கிறித்துவம் புதுசு இல்லை. எலத்தகிரி, மத்திகிரி என்று பழைய கத்தோலிக்க ஊர்கள் உண்டு. தர்மபுரி மறைமாவட்டம் தனியாகப் பிரிந்தது 1997-ல் என்றாலும் பங்குகள் அதற்கு ரொம்ப முந்தியவை. ஆனால் இன்று கான்வெண்டில் படிக்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் கிறித்துவர்கள் கிடையாது. நான் பார்த்த ஒரு நாடகத்தில் மரியாளாக வந்த பெண்ணின் வீட்டில் முனியப்பனுக்குக் கிடா வெட்டுவார்கள். சூசையப்பர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், ஏரோது வீட்டில் கன்னடம். சிப்காட் வந்த பிறகு ஒடியா பேசும் பிள்ளை ஒன்றிரண்டு இடையர் கூட்டத்தில் நிற்கிறது. இதெல்லாம் எனக்குப் பிடித்த விஷயம். பஞ்சுத் தாடி, சாட்டின் துணி அங்கி, தெர்மாகோல் நட்சத்திரம் எதிலும் எனக்குப் புகார் இல்லை. என் புகார் ஒன்றே ஒன்றுதான்: அந்த மேடையில் நிற்கும் ஒரு பிள்ளையும் பேசுவதில்லை.

பள்ளிக்கூடத்துக்காரர்கள் அதை 'ட்ராக்' என்கிறார்கள். விழாவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே வசனம் முழுக்கப் பதிவு செய்யப்படுகிறது, கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ ஒரு ஸ்டுடியோவில், அல்லது பள்ளியின் கம்ப்யூட்டர் ரூமில் ஃபேனை நிறுத்திவிட்டு. 'குரல் நல்லா இருக்கிற' ரெண்டு டீச்சரும் மூன்று பிள்ளைகளும் எல்லாப் பாத்திரங்களுக்கும் பேசிவிடுவார்கள். நடுவில் இடிச்சத்தம், குழந்தை அழுகை, ஏதோ ஒரு சினிமாவின் சோக வயலின். எல்லாம் சேர்த்து ஒரு பென் டிரைவ். பிறகு ஒத்திகை என்று நடப்பது என்னவென்றால், ஸ்பீக்கரில் வரும் குரலுக்கு ஏற்ப வாயைத் திறந்து மூடவும், 'நான்' என்னும்போது நெஞ்சைத் தொடவும், 'கடவுள்' என்னும்போது மேலே காட்டவும் பழக்குவது. ஒரு டீச்சர் மேடைக்குக் கீழே நின்று கையைக் காட்டிக்கொண்டே இருப்பார். பிள்ளைகளின் கண் முழுக்க அவர் மேல்தான் இருக்கும். சூசையப்பர் மரியாளைப் பார்க்கவே மாட்டார்.

ஏன் இப்படி என்று கேட்டால் காரணங்கள் நியாயமாகத்தான் இருக்கின்றன. திறந்த மைதானம், ஆயிரக்கணக்கில் கூட்டம், ஒரு பக்கம் ஜெனரேட்டர், இன்னொரு பக்கம் நெடுஞ்சாலையில் போகும் கண்டெய்னர் லாரிகள். காலர் மைக் எல்லாருக்கும் வாங்க முடியாது. ஸ்டாண்டு மைக் வைத்தால் பிள்ளைகள் அதை விட்டு நகர முடியாமல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பிள்ளை வசனத்தை மறந்தால் மொத்த நாடகமும் நிற்கும். "ரிஸ்க் எடுக்க முடியாது சார்" என்றார் ஒரு ஆசிரியை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வழக்கமான பாட வேலையோடு சேர்த்து, கூடுதல் சம்பளம் இல்லாமல், முந்நூறு பிள்ளைகளை மேடையேற்றி இறக்குகிறவர் அவர்.

ஆனால் எதை ரிஸ்க் என்கிறோம்? பிள்ளை பேசுவதைத்தான். நடிப்புப் பயிற்சி என்று எதற்குப் பெயர் வைத்தாலும் அதில் முதல் பாடம் குரல், ரெண்டாவது பாடம் எதிராளி பேசுவதைக் கேட்பது. ட்ராக் இந்த ரெண்டையும் ஒரே அடியில் காலி செய்கிறது. உயர்நிலைப் பள்ளி வயசில் இது இன்னும் மோசம். பதின்மூன்று, பதினாலு வயசுப் பையனுக்கு மகரக்கட்டு உடைந்து, தன் குரலே தனக்கு அந்நியமாகிக் கிடக்கும் சமயம். அப்போதுதான் அவனிடம் சொல்கிறோம்: உன் குரல் வேண்டாம், பி.டி. மாஸ்டர் குரல் போதும். ஏரோது ராஜாவாக வந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் வாயிலிருந்து நாற்பது வயசு ஆணின் சிரிப்பு வந்தது. கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் யாருக்கு?

இத்தனைக்கும் பள்ளி நாடகம் என்ற விஷயத்தை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் கிறித்துவத் துறவிகள்தான். இயேசு சபைக்காரர்கள் 1599-ல் தங்கள் பள்ளிகளுக்கு ஒரு கல்வித் திட்டம் வகுத்தார்கள். அதில் நாடகத்துக்கும் ஒரு விதி இருக்கிறது: எப்போதாவதுதான் போட வேண்டும், லத்தீனில்தான் இருக்க வேண்டும், பக்தியான கதையாக இருக்க வேண்டும், பெண் பாத்திரமோ பெண் உடையோ கூடாது. படித்தால் நம் கரஸ்பாண்டெண்ட் போடும் சர்க்குலர் மாதிரியே இருக்கும். ஆனால் நடைமுறையில் அந்தப் பள்ளிகள் விதியை ஏகத்துக்கு நெகிழ்த்தின. ஐரோப்பா முழுக்க மாணவர்கள் மேடையேறினார்கள். மோலியேர், கொர்னெய், வோல்டேர் மூவரும் அந்தப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள். லத்தீன் அந்தப் பையன்களுக்கும் வீட்டு மொழி இல்லை, குருபரப்பள்ளிப் பிள்ளைக்கு ஆங்கிலம் எப்படியோ அப்படி. வித்தியாசம் என்னவென்றால், அங்கே நாடகம் போட்டதே பையன் வாய் திறந்து நாலு பேர் முன்னால் அந்த மொழியைப் பேசிப் பழகட்டும் என்றுதான். பார்வையாளருக்கு லத்தீன் புரிந்ததா இல்லையா என்பது அப்புறம். நாடகத்தின் பலன் நடிக்கிறவனுக்கு. நம் பள்ளிகளில் பலன் முழுக்கப் பார்க்கிறவருக்கு, அதிலும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு.

தமிழிலும் குரல் சார்ந்த கிறித்துவ நாடக மரபு ஒன்று இருக்கிறது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார், குறத்தி குறி சொல்லும் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு. மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்கர்கள் இரவிரவாகக் கூத்து ஆடினார்கள். மூன்று அரசர்கள் குழந்தையைத் தேடி வரும் கதை அங்கே 'மூவிராசர் நாடகம்' என்ற பாட்டுக்கூத்து. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதை 1960-களில் பதிப்பித்தார். நம் டிசம்பர் நாடகத்தின் அதே கதைதான், ஆனால் ஏரோது சொந்தத் தொண்டையில் பாடி ஆக வேண்டும். நவாப் ராஜமாணிக்கம் பிள்ளை கம்பெனி 'ஏசுநாதர்' போட்டபோதும் அப்படித்தான். அதற்கு முன்னால் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய பாலசபையில் பையன்களின் குரலைத்தான் முதலில் உருவாக்கினார்கள். பாய்ஸ் கம்பெனிகளில் அடி இருந்தது, பசி இருந்தது, மகரக்கட்டு உடைந்த பையனை ஓரங்கட்டுவதும் இருந்தது. அந்தக் காலம் திரும்ப வரவேண்டாம். அடி இல்லாமல் குரலை வளர்க்கலாம் என்பதற்குத்தானே பள்ளிக்கூடம்?

நாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்த ஒரு காட்சியை இங்கே சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அதில் முக்கால்வாசி இருக்கிறது.

சூசையப்பரும் மரியாளும் சத்திரம் சத்திரமாகப் போய்க் கதவைத் தட்டும் இடம். மூன்றாவது சத்திரக்காரனாக ஒரு எட்டாம் வகுப்புப் பையன், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, காதில் பேனா சொருகி. ட்ராக்கில் 'டொக் டொக்' வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. பென் டிரைவோ ஒயரோ ஏதோ கோளாறு. மைதானம் அமைதியாகிவிட்டது. மரியாளும் சூசையப்பரும் கீழே நிற்கும் டீச்சரைப் பார்க்கிறார்கள், டீச்சர் சவுண்ட் பாக்ஸ் பக்கம் ஓடுகிறார். பையன் மட்டும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சூசையப்பரிடம் சத்தமாகச் சொன்னான்:

"ரூம் இல்லண்ணா. ஃபேமிலிக்கெல்லாம் குடுக்கறதில்ல. கம்பெனி பசங்களுக்குத்தான். ஆளுக்கு இவ்ளோன்னு வாங்கறோம், உங்களுக்குக் குடுத்தா எங்களுக்குக் கட்டாது."

கூட்டம் குபீரென்று சிரித்தது. சிப்காட்டைச் சுற்றி அறை வாடகைக்கு விடுகிற அத்தனை வீட்டுக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒரே அறையில் ஷிஃப்ட் மாற்றிப் படுக்கும் பையன்கள் இருக்கும்போது குடும்பத்துக்கு யார் விடுவார்கள்? சூசையப்பராக நின்றவன் என்ன சொல்வதென்று தெரியாமல், "ப்ளீஸ்ணா, இவங்களுக்கு முடியல" என்றான். அவன் ரெண்டு மாதமாக ஒத்திகை பார்த்த நாடகத்தில் முதல்முறையாக மரியாளைத் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு நின்றது. பையன் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ட்ராக் வந்துவிட்டது, வேறு இடத்திலிருந்து. "பெத்லகேம் வானில் ஒரு புதிய ஒளி" என்று ஒரு பெண் குரல் முழங்க, பிள்ளைகள் அவசரமாகத் தொழுவத்துக்கு ஓடினார்கள்.

ஒரு நிமிஷம்கூட இருக்காது. அன்றைக்கு அந்த மேடையில் நாடகம் என்று நடந்தது அது மட்டும்தான்.

யோசித்தால் அந்தப் பையன் செய்தது ரொம்பப் பழைய காரியம். சுவிசேஷத்தில் சத்திரக்காரன் என்று ஒரு ஆளே கிடையாது. சத்திரத்தில் இடமில்லை என்று லூக்கா ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். கதவைத் திறந்து 'இல்லை' என்று சொல்லும் மனிதனைப் பின்னால் வந்த நாடகக்காரர்களும் கதைசொல்லிகளும் உருவாக்கினார்கள். மூன்று ராஜாக்களும் அப்படித்தான், மத்தேயு அவர்களை ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை, மூன்று பேர் என்றும் சொல்லவில்லை. அசிசி பிரான்சிஸ் 1223-ல் கிரெச்சோ கிராமத்தில் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் வைத்ததும் இதே காரணத்துக்குத்தான்: கதை இந்த ஊரில் நடந்தால் எப்படி இருக்கும் என்று மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும். கிறிஸ்து பிறப்பு நாடகத்தின் உயிரே இந்த உள்ளூர்க் கற்பனையில் இருக்கிறது. கதை வேறு என்ன? அரசாங்கக் கணக்கெடுப்புக்காக நிறைமாசத்தில் ஊர்விட்டு ஊர் வந்த ஒரு ஜோடிக்குத் தங்க இடம் கிடைக்காத கதை. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் பையோடு வந்திறங்கும் ஒரு நெடுஞ்சாலை ஊரில் அந்தக் கதையைப் போடுகிறோம். ஆனால் பென் டிரைவில் இருப்பது எந்த ஊரும் இல்லாத ஒரு தமிழ், அல்லது எந்த ஊரும் இல்லாத ஒரு ஆங்கிலம்.

விழா முடிந்து அந்தப் பையனுக்குப் பாராட்டு கிடைத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். "யாரைக் கேட்டு ஓவரா பேசினே?" என்று திட்டு வாங்கினான் என அக்கா மகள் சொன்னாள்.

சரி, அந்தப் பையனுக்கு இது எங்கிருந்து வந்தது? எனக்கு ஒரு ஊகம் உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் கோடையில் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் நடக்கும். பதினெட்டு நாள், பகலில் சொற்பொழிவு, ராத்திரி தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான், கடைசி நாள் மண்ணில் செய்த துரியோதனன் ஊருக்கு நடுவில் மல்லாந்து கிடப்பான். பிள்ளைகள் கோணியை விரித்து முன்வரிசையில் உட்கார்ந்து, பாதி தூங்கிப் பாதி முழித்துப் பார்ப்பார்கள். அதில் கட்டியக்காரன் செய்வது என்ன? துரியோதனன் சபையில் நின்றுகொண்டே உள்ளூர்ப் பஞ்சாயத்துத் தலைவரைக் கிண்டலடிப்பான், ரேஷன் கடைப் புழுங்கலரிசியைப் பற்றிப் பேசுவான், மைக் மக்கர் செய்தால் அதையும் வசனமாக்குவான். எழுதிக்கொடுத்ததும் கைவசம் இருப்பதும் கலந்து பேசுகிற கலை அது. அந்தப் பையனின் சத்திரக்காரன் கட்டியக்காரனின் தம்பி.

கூத்து கோவில் சடங்கோடு சேர்ந்தது, கிறித்துவப் பள்ளிக்கு அதில் தயக்கம் இருக்கும் என்பது புரிகிறது. ஆனால் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர்கள் அந்தத் தயக்கத்தை எப்போதோ தாண்டிவிட்டார்கள். மரிய சேவியர் அடிகள் 1965-ல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கியபோது திருப்பாடுகளின் நாடகத்தோடு கூத்தையும் சேர்த்தேதான் வளர்த்தார். இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பரீட்சைப் பாடம். பாடமானால் மனப்பாடமாகும் என்ற ஆபத்து உண்டுதான். ஆனால் பாடம் இருந்தால் ஆசிரியர் இருப்பார், பீரியட் இருக்கும். குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிக்கூட வாத்தியார்தான். 1978-ல் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கி, சிறுவர் நாடகத்துக்கென்றே எழுதியவர். அப்படி ஒருவர் வருவதற்கு அங்கே இடம் இருந்தது.

அவ்வளவு தூரம் ஏன்? ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். பி.வி. காரந்த் 'பஞ்சர ஷாலே'யைக் குழந்தைகளுக்காகப் போட்டார், தாகூரின் கிளிக்கதையை வைத்து. கிளிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அதன் வாயில் காகிதத்தைத் திணித்தே கொல்லும் கதை. ஹெக்கோடு கிராமத்து நீநாசம் 1980-லிருந்து நாடகப் பள்ளி நடத்துகிறது, அங்கே படித்தவர்கள் கர்நாடகத்துப் பள்ளிகளுக்குள் போயிருக்கிறார்கள். மைசூர் ரங்காயணாவில் கோடை விடுமுறைக்குக் குழந்தைகள் முகாம் நடக்கிறது. நம் பக்கத்தில் வேலு சரவணன் மாதிரி ஒருவர் 'கடல் பூத'த்தைத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாக அலைய வேண்டியிருக்கிறது. அவர் வந்து போன ஒரு மணி நேரம் பிள்ளைகள் கத்திக் கூத்தாடும். மறுநாள் மறுபடி ட்ராக்.

ஓசூர்ப் பக்கத்துப் புதுப் பள்ளிகளில் இப்போது 'ஆக்டிங் கிளாஸ்' வந்திருக்கிறது. தனிக் கட்டணம். பெங்களூரிலிருந்து பயிற்சியாளர் வாரத்துக்கு ஒருநாள் வருகிறார். சில பள்ளிகளில் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் 'ஸ்பீச் அண்ட் டிராமா' கிரேடு தேர்வுக்கும் தயார் செய்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் ட்ராக்கை விட இது எவ்வளவோ மேல். பிள்ளை தன் வாயால் பேசுகிறது. மூச்சுப் பயிற்சி, உச்சரிப்பு, எல்லாம் உண்டு. ஆனால் நான் பார்த்த வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக வந்து ஒரு ஆங்கிலத் தனிமொழியைச் சுவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனது. விளம்பரத் தாளில் 'தன்னம்பிக்கை', 'கம்யூனிகேஷன்', 'ஆளுமை வளர்ச்சி' என்று போட்டிருந்தார்கள். நாடகம் என்ற சொல்லை ரெண்டு முறை தேடினேன், இல்லை. இன்டர்வியூவுக்குத் தயாராவதற்கும் நடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் எதிராளிதான். சுவர் திடீரென்று "ரூம் இல்லண்ணா" என்று சொல்லாது.

போன வருஷம் ஒரு பள்ளியில், எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவரிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். மைதானத்தில் போடாதீங்க, ஹாலில் போடுங்க என்றேன். ஒரு வகுப்பறை என்றாலும் சரி. நூறு பேர் உட்கார்ந்தால் மைக் வேண்டாம். ஒரே நாளில் மூன்று காட்சி போடலாம், பெற்றோரை மூன்றாகப் பிரித்து வரச் சொல்லலாம். வசனத்தை எழுதிக் கொடுக்காமல் காட்சியை மட்டும் சொல்லி, வீட்டில் எப்படிப் பேசுவாயோ அப்படிப் பேசு என்று விடலாம், தெலுங்கு வந்தால் வரட்டும். ஸ்டுடியோ காசு மிச்சம். மூன்றாவது காட்சிக்குள் பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கப் பழகிவிடும்.

அவர் பொறுமையாகக் கேட்டார். நல்லாத்தான் இருக்கு என்றார். கொஞ்ச நேரம் கணக்குப் போடுகிற மாதிரி யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்போ சீஃப் கெஸ்ட்டை எந்த ஷோவுக்கு சார் கூப்பிடறது?"